பெட்டி சொல்லும் முதல் வணக்கம்

ஜூன் 3

இன்று பெட்டியின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன்.

"ஏ செண்பகம், பரீட்சை எதுவும் எழுதப் போறியா?" என்றார் இவர்.

பெட்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மதுரையில் இவருடைய இடது தோளுக்குக் கீழே வைத்த கருவி நெஞ்சுத் துடிப்பைக் குறித்துக்கொண்டே இருக்கும். கட்டிலருகே இருக்கும் இந்த வெள்ளைப் பெட்டி தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் குறிப்பை வாங்கி, வீட்டு இணையம் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். டிபன் பாக்ஸ் அளவுதான். பச்சை விளக்கு ஒன்று உண்டு.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்களின் பட்டியல். யாரும் படிக்காத பக்கம். அதில் ஏழாவது வரியில், ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்: தாழ். கதவுக்குப் போடுகிற தாழ். தேடிப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் பொதுவில் எழுதி வைத்த மறையாக்க நூலகம் அது. செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாமல் குலைத்து அனுப்பவும், போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்ப அடுக்கவும் வேண்டிய நிரல்களின் தொகுப்பு. பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். என் வீட்டுக்குள் அது வேலை பார்க்கும் என்று நினைத்ததில்லை.

ஜூன் 5

தாழ் நிரல் முழுவதும் பொதுவில் கிடக்கிறது. பூட்டு செய்கிறவன் பூட்டின் உட்புறத்தைக் கடைவீதியில் பரப்பி வைத்துவிட்டு, "பார்த்துக்கோ, அப்படியும் திறக்க முடிகிறதா பார்" என்று சொல்வதுபோல.

எல்லாப் பகுதியும் சுத்தமாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. செய்தியைக் குலைக்கும் பல மறைமுறைகளில் எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதி. அறுநூற்று நாற்பது வரி. 'இப்படியானால்' என்பதற்குள் இன்னொரு 'இப்படியானால்', அதற்குள் இன்னொன்று. பதினான்கு வருடத்தில் முப்பது நாற்பது பேர் தொட்டிருக்கிறார்கள். "இதைச் சீரமைக்க ஆள் தேவை" என்று பொறுப்பாளர் ஓர் அறிவிப்பு வைத்து இரண்டு வருடம் ஆகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நேரம் இருக்கிறது, முயலட்டுமா என்று எழுதிப் போட்டேன்.

ஜூன் 7

பொறுப்பாளரே கூப்பிட்டார். பெயர் தர்மகுலசிங்கம். பிறந்தது சாவகச்சேரி, இப்போது ஒஸ்லோ. என்னை விடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார்.

"வணக்கம் ரீச்சர், குலம் கதைக்கிறன். அந்தப் பகுதியைத் தொட ஒருத்தருக்கும் துணிவில்லை. தொட்டவையும் ஒரு கிழமையில ஓடிப்போட்டினம்."

"பயமுறுத்துறீங்களா, வரவேற்கிறீங்களா?"

"ரெண்டும்தான்." சிரித்தார். "ஜூலை பத்தில புதுப் பதிப்பு வெளியிடுறம். பெரிய கம்பெனியள் அண்டைக்கே தங்கட சேர்வரில போட்டிடுவினம். அதுக்குள்ள முடிச்சுத் தாங்கோ. என்ன செய்யுறது எண்டதை மாத்தாதேங்கோ. எப்பிடிச் செய்யுறது எண்டதை மட்டும் மாத்துங்கோ."

சீரமைப்புக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சமையலறையை ஒழுங்குபடுத்தலாம். சாப்பாட்டின் ருசி மாறக் கூடாது.

எங்கள் பெட்டியில் தாழ் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

"என்னதான் செய்யுத நாள் முழுக்க?" என்று கேட்டார் இவர். ரயில்வேயில் சரக்கு வண்டிக் கார்டாக இருந்தவருக்கு ரயிலை வைத்தே சொன்னேன்.

"ரயில்ல எதிரெதிர் சீட்ல ரெண்டு பேர். ஒருத்தர் ஏறினதும் சொல்லுதாரு, எனக்குத் தமிழ், தெலுங்கு, கொஞ்சம் இந்தி வரும்னு. எதிர்ல இருக்கவரு தனக்குத் தெரிஞ்சதோட ஒப்பிட்டுப் பாத்து, ரெண்டு பேருக்கும் பொதுவா எது நல்லா வருதோ அதுலயே பேசுவோம்ங்காரு. நம்ம பெட்டியும் மதுரையும் தெனம் காலைல இதத்தான் செய்யுது. பெட்டி முதல்ல வணக்கம் சொல்லி, தனக்குத் தெரிஞ்ச மறைமுறையெல்லாம் சொல்லும். மதுரை ஒண்ணத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்ந்தெடுக்கிற புத்தியத்தான் திருத்தி எழுதுதேன்."

"அப்ப பக்கத்து சீட்டுக்காரன் காது கொடுத்துக் கேட்டா?"

"வணக்கம் கேக்கும். அதுக்கப்புறம் பேசுறது ஒண்ணும் வெளங்காது."

"அதெப்படி? ரெண்டு பேரும் சாவி மாத்திக்கணும்லா? அது அவன் காதுல விழாதா?"

கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டிய கேள்வி. எல்லாரும் கேட்கும் இடத்தில் இருவர் பேசுகிறார்கள். முதலிலிருந்து கடைசி வரை அந்தப் பேச்சைக் கேட்டவனுக்கும் தெரியாத ஒரு ரகசியத்தை அந்தப் பேச்சாலேயே உண்டாக்கிக்கொள்கிறார்கள். கணக்கு அதை அனுமதிக்கிறது. நிரூபித்துக் காட்டியபோது நான் ஒரு நாளும் வியக்கவில்லை. மதிப்பெண் கேள்வி என்று நட்சத்திரக் குறி போடச் சொன்னேன். இன்று கட்டிலருகே பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது எனக்கே கை சிலிர்த்தது.

இவர் பச்சை விளக்கை எட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லா ஒளிச்சு வைக்கானுவ" என்றார்.

ஜூன் 14

நானூற்றுப் பத்து வரிக்குக் குறைந்திருக்கிறது. ரசப்பொடி அரைத்தேன். மாடிக்கு வத்தல் எடுக்கப் போனவர் இறங்கி வர நேரமாயிற்று. கேட்டதற்கு "காத்து நல்லா இருந்துச்சு" என்றார். ஆனி பிறக்கப் போகிறது, காற்று உண்டுதான்.

ஜூன் 16

பெட்டியைத் துடைப்பது, பிளக் பார்ப்பது எல்லாம் இனி தான் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். "நீ ஒன் கம்ப்யூட்டரப் பாரு." வீட்டு வேலையில் ஒன்றைத் தானாகக் கேட்டு வாங்கியது இதுவே முதல் தடவை. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20

முடிந்தது! அறுநூற்று நாற்பது வரி இப்போது நூற்றுப் பதினெட்டு. மறைமுறைகளை எல்லாம் ஒரே அட்டவணையில் கொண்டுவந்தேன். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போ, எதிராளிக்கும் தெரிந்த முதல் முறையை எடுத்துக்கொள்: அவ்வளவுதான் விதி. அட்டவணையைப் பெயர் வரிசைப்படி அடுக்கினேன். வருகைப் பதிவேடு போல எந்தப் பெயரும் சட்டென்று கண்ணில் படும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். ஒன்று விடாமல் தேறின. இவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"எல்லாரும் பாஸா?"

"எல்லாரும்."

குலமும் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "ரீச்சர், நல்ல வடிவா இருக்கு. பதினாலு வருசக் குப்பை."

குப்பை என்று அவர் சொன்னது மட்டும் பிடிக்கவில்லை. அந்தக் குப்பையில் ஒரு வரி இருந்தது, நான் பத்திரமாக எடுத்து அட்டவணையில் வைத்திருக்கிறேன். டூஃபிஷ் என்ற மறைமுறைக்கான வரி. யாரோ சேர்த்துவிட்டு, "சிறிய சில்லுகளுக்காக" என்று மட்டும் குறித்திருந்தார். வேலைப்பளு தாங்காத சின்னக் கருவிகளும் பலமான பூட்டைப் போட வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார். யார் என்று கேட்டேன். "தெரியாது ரீச்சர். அந்த ஒரு வரிதான் தந்தவர். பிறகு வரவேயில்லை" என்றார்.

ஜூன் 25

எங்கள் பெட்டி என்ன வணக்கம் சொல்கிறது என்று ஒரு தடவை காதால் கேட்க வேண்டும்போல ஓர் ஆசை. வணக்கம் மறைக்கப்படுவதில்லை, அதனால் வீட்டு ரூட்டரில் பிடிக்கலாம். லேப்டாப்பை அடுப்படி மேடையில் வைத்துக்கொண்டு, காப்பி போட்டபடி ஆறு மணிக்குக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. நான்தான் ஏதோ தவறாக அமைத்திருக்க வேண்டும்.

ஜூன் 26

இன்றும் வரவில்லை. அமைத்ததை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜூன் 27

ஆறு மணிக்கு அடுப்படியில் இருக்காமல் நேராக அறைக்குப் போனேன்.

பச்சை விளக்கு எரியவில்லை. பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஏழு மணிக்கு மாட்டிருவேன்." பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன நாளா?"

"பதினஞ்சாந் தேதியிலருந்து."

"மதுரையிலருந்து கேக்கலயா?"

"மூணு தடவ எனக்குப் போன் வந்துச்சு. கோவில்பட்டில கரண்ட் இல்லன்னேன்."

"பன்னெண்டு நாளாவா?"

"நம்பிட்டாங்கள்லா?"

சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. ஏன் என்று கேட்டேன். பேப்பரை மடித்தார். அதை இன்னும் சின்னதாக மடித்தார்.

"மாடில வச்சு ஒரு தடவ படபடன்னு வந்து கண்ண இருட்டிட்டு. அப்புறமும் ஒரு தடவ. அது மதுரைக்குத் தெரிஞ்சா கூப்புடுவான். மறுபடி கீறுவான்."

"எங்கிட்டச் சொல்லலயே."

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பிடுங்கினதே. மதுரைக்குத் தெரிஞ்சா அவன் மொதல்ல ஒனக்குல்லா போன் போடுவான்?"

இவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"முப்பத்தஞ்சு வருசம் என் வண்டிப் புஸ்தகத்த எந்த ஆபீசர் வேணும்னாலும் வாங்கிப் பாப்பான். எத்தன மணிக்கு நின்ன, ஏன் நின்ன? இப்ப நெஞ்சுக்குள்ள ஓடுறதையும் வாங்கிப் பாக்கணுமா? மதுரைக்காரன் பாக்கான். வழியில எவனெவன் பாக்கானோ. ஒலகத்துல இருக்கவனுக்கெல்லாம் ரகசியம் காக்க நீ புரோகிராம் எழுதுத. எனக்கு ஒண்ணு கூடாதா?"

நான் வாதாடவில்லை.

"வழியில எவனும் பாக்க முடியாதுன்னு கண்ணால காட்டுனா மாட்டுவீங்களா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "காட்டு, பாப்போம்" என்றார்.

ஜூன் 28

காலை ஐந்தரையிலிருந்து அடுக்களைப் பாத்திரம் எதையும் தொடவில்லை. பெட்டி மதுரையைத் தேடும்போது என் லேப்டாப்பே "நான்தான் மதுரை" என்று பதில் சொல்லும்படி ரூட்டரில் மாற்றினேன். மதுரையில் இப்போது ஓடுவது பழைய தாழ். லேப்டாப்பில் நான் எழுதிய புதிய தாழ். ஜூலை பத்துக்குப் பிறகு நடக்கப் போவதை இன்றே பார்க்கலாம். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிளக்கை அவரே மாட்டினார்.

ஆறு மணிக்கு வணக்கம் வந்தது.

இருபத்தைந்து வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது இப்படித்தான் வாயடைத்து நின்றேன். ஒரு சின்னப் பெட்டி, யாரும் சொல்லாமல், தன் நேரத்துக்கு எழுந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. பாவம், அதற்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: டூஃபிஷ், இன்று யாரும் நம்பாத பழைய டெஸ். யாரோ ஒருவர் சிறிய சில்லுகளுக்காக விட்டுப்போன அந்த ஒரு வரி என் வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறது. முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துக் கண் கலங்கியது.

அடுத்த கணம் லேப்டாப் பதில் சொன்னது. அது தேர்ந்தெடுத்தது டெஸ்.

"என்ன, ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார் இவர்.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். திரையில் இருந்த எழுத்து அவருக்குப் புரியாது. அப்போதே பிளக்கை மாட்டியபடியே விட்டுவிட்டுப் போயிருப்பார். நாளைக்கே மதுரைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

"நான் தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன்.

விளக்கினேன். பழைய நிரலில் வரிசை என்பது பெயர் வரிசை அல்ல, பலத்தின் வரிசை. எது வலுவானதோ அது மேலே. நான் அதை அகரவரிசையாக்கிவிட்டேன். வலுவான ஏஇஎஸ் என்ற முறை 'ஏ'யில் தொடங்குவதால் அட்டவணையிலும் முதலில் நின்றது. பெரிய கருவிகள் எல்லாவற்றுக்கும் அது தெரியும். சோதனைகள் எல்லாம் அவற்றுக்குத்தான். அதனால் எல்லாரும் பாஸ். அது தெரியாத எங்கள் பெட்டிக்கு மட்டும், ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தில் தொடங்கும் டெஸ் முதலில் வந்தது, இருபதாம் எழுத்தில் தொடங்கும் டூஃபிஷ் பின்னால் போனது. டெஸ்ஸுக்கு எழுநூறு கோடி கோடி சாவிகள் உண்டு; கேட்கப் பெரிதாக இருந்தாலும், ஓர் அறை நிறையக் கணினி இருந்தால் ஒரே நாளில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாம். டூஃபிஷ்ஷுக்கு ஒன்றுக்குப் பின் எழுபத்தேழு சுழியம். மணப்பாட்டுக் கடற்கரையின் ஒவ்வொரு மணலும் ஒரு மணப்பாட்டுக் கடற்கரையாக விரிய வேண்டும். அந்த மணல் ஒவ்வொன்றும் மறுபடி விரிய வேண்டும். அப்படி ஐந்து அடுக்கு போனால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்திலாவது வர முடியும்.

"இப்ப மதுரைல ஓடுறது பழசு. அது சரியாத்தான் செய்யுது. ஆனா நான் எழுதினது வெளிய போயிருந்தா, பத்தாந் தேதிக்கு அப்புறம் ஒங்க நெஞ்சுல ஓடுறத எவனும் படிச்சிருக்கலாம்."

இவர் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அட்டெண்டன்ஸ் எடுத்த கை! நெஞ்சையும் ரோல் நம்பர் போட்டு உக்கார வச்சிருக்கா!"

"சிரிக்காதீங்க."

"சொல்லாம இருந்திருக்கலாம்லா நீ?"

"இருந்திருக்கலாம்."

எழுந்து, பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியின் மேல் சுற்றி வைத்தார். கோபமாகச் செய்யவில்லை. "சரி பண்ணிட்டுக் கூப்புடு" என்றார்.

ஜூன் 29

குலத்திடம் பேசினேன். அகரவரிசையால் வந்த தவறைச் சொன்னேன்.

"ஐயோ ரீச்சர். நானும் எல்லோ பாத்தனான். வடிவா இருக்கு எண்டு சொன்ன வாய்." பிறகு, "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? எங்களிட்டை அந்த மாதிரிச் சாதனம் ஒண்டும் இல்லையே?"

அப்போதுதான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது, யாருக்காக.

"எத்தினை வீட்டில இருக்கும் ரீச்சர், இது மாதிரி?" என்றார், தனக்குள் கேட்டுக்கொள்வதுபோல. எனக்கும் அந்த எண்ணம்தான் நாள் முழுவதும். எத்தனை கட்டில், எத்தனை பச்சை விளக்கு. நூற்றுப் பதினெட்டு வரிக்குள் நான் நகர்த்தி வைத்தது வெறும் பெயர் என்று நினைத்திருந்தேன்.

திருத்தினேன். இப்போது ஒவ்வொரு முறைக்கும் பக்கத்தில் அதன் பலம் எண்ணாகவே எழுதியிருக்கிறது. யார் எப்படி அடுக்கினாலும் நிரல் பலத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். முந்நூற்றுப் பதின்மூன்றாவது சோதனையாக எங்கள் பெட்டியின் வணக்கத்தைச் சேர்த்தேன். குலம் இந்த முறை வரிக்கு வரி மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார். நல்லதுதான்.

ஜூன் 30

காலை ஆறு மணி. இவர் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். பிளக்கை மாட்டினார்.

வணக்கம் வந்தது. லேப்டாப் தேர்ந்தெடுத்தது: டூஃபிஷ். நான் மூச்சு விட்டேன். மறுகணமே பெட்டி பேச்சை முறித்துக்கொண்டது.

"என்னாச்சு?"

"நான் மதுரை இல்லன்னு கண்டுபிடிச்சிருச்சு. மதுரையோட முத்திரை எங்கிட்ட இல்ல. அதான் ஒரு துடிப்பக்கூடக் கொடுக்கல."

இவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம வீட்டுச் சோத்துலயே, சாரி, நம்ம வீட்டுக் கரண்ட்லயே இருந்துக்கிட்டு ஒன்னையே நம்ப மாட்டேங்கு!"

"நம்பக் கூடாது. அதுதான் அதோட வேலை."

குனிந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். தூங்கும் குழந்தையின் நெற்றியில் சூடு பார்ப்பதுபோல. "லேய், பெரிய ஆளுதான்டே நீ" என்றார்.

ரூட்டரைப் பழையபடி மாற்றினேன். "இனி பேசினா உண்மையான மதுரைதான்" என்றேன். பெட்டியில் மறுபடி அனுப்புவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அவர் விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அழுத்தினார்.

பச்சை விளக்கு மூன்று முறை இமைத்தது. அந்த இமைப்புக்குள் அத்தனையும் நடந்து முடிந்தது. வணக்கம், தேர்வு, எல்லாரும் கேட்க உண்டாகும் ரகசியம், பதினாறு நாள் துடிப்பு. வழியில் சாத்தூர், விருதுநகர், இன்னும் எந்தெந்த ஊர்க் கம்பிகளோ. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒன்பதே முக்காலுக்கு மதுரையிலிருந்து போன். எனக்குத்தான் வந்தது. இன்றே வரச் சொன்னார்கள்.

ஜூலை 1, மதுரை

உள்ளே வைத்த கம்பி ஒன்று இடம் நகர்ந்திருக்கிறதாம். நாளை காலை சரி செய்கிறார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். ஜெஸிந்தா என்று சட்டையில் பெயர். "ஐயா, ஒங்க ரீடிங்க வீட்ல யாருக்குக் காட்டலாம்னு நீங்கதான் எழுதணும். நீங்க எழுதாம நாங்க யாருக்கும் காட்ட மாட்டோம்."

"எங்க வீட்டம்மாவுக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

இவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். படிவத்தில் மூன்று கோடு இருந்தது. முதல் கோட்டில் என் முழுப் பெயரையும் எழுதினார், வண்டிப் புத்தகம் எழுதிய அதே கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக. மற்ற இரண்டையும் அடித்துவிட்டார்.

ஜெஸிந்தா திரையைத் திருப்பினாள்.

ஒரு மாதமாக இதை உலகத்தின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் உழைத்தேன். இது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பச்சைக் கோடு. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. நாற்பது வருடமாக என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததே இல்லை. ஜெஸிந்தா நாள் நாளாக நகர்த்திக்கொண்டு போனாள். ஓர் இடத்தில் கோடு கசங்கிய நூல்போலச் சுருண்டு, அப்புறம் நேராகி, மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது.

இவர் தலையணையிலிருந்து எட்டி, அந்தச் சுருளின் மேல் விரல் வைத்தார்.

"இந்த எடத்துல ரொம்பப் பயந்துட்டேன் செண்பகம்."

"நானும்தான்" என்றேன்.